அழைப்பில் மட்டும் அமுங்கிய குரல்: ஒரு மைக் கோளாறின் நிகழ்வு ஆய்வு

முறையீடு

என் அக்கா இணையவழியில் கணக்குப் பாடம் நடத்துபவர். வகுப்புக்கு ஆறேழு மாணவர்கள், விண்டோஸ் 11 உள்ள ஒரு மடிக்கணினி, 3.5 மில்லிமீட்டர் பிளக் கொண்ட ஒரு ஹெட்செட், அழைப்புக்கு ஒரு செயலி; இவ்வளவுதான் ஏற்பாடு. கழுத்து வலிக்காமல் இருப்பதற்காக மடிக்கணினியைத் தாங்கி ஒன்றின் மேல் ஏற்றிச் சற்றுத் தள்ளி வைத்து, தனி விசைப்பலகையில் வேலை செய்வார். இந்தத் தாங்கியைப் பற்றி அவர் முதலில் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோளாறின் பாதி அதில்தான் இருந்தது.

"தம்பி, தொண்டை வறண்டு போற அளவுக்குக் கத்துறேன். ஆனா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குன்னு பிள்ளைங்க சொல்றாங்க" என்பதுதான் அவர் தொலைபேசியில் சொன்ன முதல் வாக்கியம். ஒலியளவு குறைவு என்ற புகாரோடு அந்தக் குரலின் தன்மையையும் அவர் அதிலேயே சொல்லிவிட்டார். நான் 'குறைவு' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, 'கிணறு' என்பதைப் பேச்சு வழக்கு என்று தள்ளிவிட்டேன்.

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் மூன்று காரியங்கள் செய்திருந்தார். ஒலிக்கருவியை இயக்கும் மென்பொருளான ஒலி டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவியிருந்தார். செட்டிங்ஸ் பகுதியில் மைக்கின் ஸ்லைடரை 100 வரை ஏற்றியிருந்தார். அதுவும் போதாமல், எங்கோ படித்துவிட்டு, மைக்கின் ஒலியைப் பெருக்கும் மைக்ரோஃபோன் பூஸ்ட் என்ற இன்னொரு ஸ்லைடரை +20 டெசிபலில் (டெசிபல் என்பது ஒலியளவின் அலகு) வைத்திருந்தார். இம்மூன்றில் எதுவும் மாணவர்களின் காதில் ஒரு மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. ஸ்லைடரை உச்சத்துக்கு ஏற்றிய பின்னும் மறுமுனையில் இம்மியளவும் வேறுபாடு இல்லை என்றால், திருப்பிய குழாய் வேறு, தண்ணீர் வரும் குழாய் வேறு என்று அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும். அந்தச் சந்தேகம் எனக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது.

தொடக்கக் கேள்விகளும் ஒரு தவறான திருப்பமும்

எதையும் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டேன். கேட்பவர்களில் எல்லோருக்கும் குரல் குறைவாக இருக்கிறதா, ஒருவருக்கு மட்டுமா என்பது முதற்கேள்வி. ஒருவருக்கு மட்டும் என்றால் கோளாறு அவருடைய ஸ்பீக்கரில் இருக்கலாம், இங்கே தேடுவது வீண். எல்லோருக்கும்தான் என்றார். அதே ஹெட்செட்டைக் கைபேசியில் செருகிப் பேசிப் பார்த்ததுண்டா என்பது இரண்டாவது. பேசிப் பார்த்திருந்தார், தெளிவாகக் கேட்டதாம். ஆகவே மைக்கும் கம்பியும் நலமாக உள்ளன. கணினியிலேயே, அழைப்பு எதுவும் இல்லாத நேரத்தில், குரலைப் பதிவுசெய்து கேட்டதுண்டா என்பது மூன்றாவது. டிரைவரை மாற்றுவதற்கு முன்பே ஒரு நிமிடப் பதிவு எடுத்திருந்தார். அதுவும் தெளிவாகவே இருந்தது.

இம்மூன்று பதில்களையும் வைத்து, ஹெட்செட், பிளக், துளை, விண்டோஸ் எல்லாம் சரி, எனவே குற்றவாளி அழைப்புச் செயலிதான் என்று முடிவு கட்டினேன். தருக்கம் பார்வைக்கு ஒழுங்காக இருந்தது, ஆனால் பிழையானது. பதிவு எடுத்தபோதும் அழைப்பில் பேசியபோதும் ஒரே மைக்தான் பயன்பட்டது என்பதை நான் சோதிக்காமலே மெய்யென்று எடுத்துக்கொண்டிருந்தேன். செயலியை நீக்கி மீண்டும் நிறுவச் சொன்னதில் அக்காவின் ஒரு மாலைப்பொழுது போனதுதான் மிச்சம்.

நகத்தால் சுரண்டிய சோதனை

மறுநாள் அதே செயலியில் அக்காவை அழைத்தேன். குரல் மெலிந்திருந்தது உண்மை. அதோடு அறையின் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் கலந்திருந்தது. உதட்டருகே இருக்கும் மைக்கில் அப்படிப்பட்ட எதிரொலி ஏறாது. 'கிணறு' அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அக்கா, ஹெட்செட் மைக்கை நகத்தால லேசாச் சுரண்டுங்க" என்றேன்.

"சுரண்டிட்டுத்தான் இருக்கேன்."

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மைக்கின் நுரையை நகம் தொட்டால் எதிர்முனையில் காதைப் பிய்க்கும் இரைச்சல் எழ வேண்டும்.

"இப்போ லேப்டாப் திரைக்கு மேல, கேமராகிட்ட ஒரு தட்டு தட்டுங்க."

'டொக்' என்று காதில் அறைந்தது.

அழைப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது மடிக்கணினியோடு பிறந்த மைக். ஹெட்செட்டின் மைக் உதட்டருகே அழகுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த அமைப்புச் சாளரத்தையும் திறக்காமல் அரை நிமிடத்தில் விடை தரும் இந்தச் சோதனையை, இதுபோன்ற எந்தப் புகாரிலும் முதலில் செய்ய வேண்டும் என்பது இப்போது என் உறுதியான கருத்து.

விண்டோஸில் இரண்டு இயல்புநிலைகள்

பதிவு எடுத்தபோது ஹெட்செட், அழைப்பில் மட்டும் மடிக்கணினியின் மைக். இது எப்படி நேர்ந்தது? விண்டோஸ், ஒலி உள்ளீட்டுக்கு ஒரே ஓர் இயல்புநிலைக் கருவியை (நாம் எதையும் தேர்வு செய்யாதபோது தானே எடுத்துக்கொள்ளும் கருவியை) வைத்துக்கொள்வதில்லை. பொதுப் பயன்பாட்டுக்கு 'டிஃபால்ட் டிவைஸ்' என்றும், பேச்சு அழைப்புகளுக்கு 'டிஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்' என்றும் இரண்டைத் தனித்தனியே குறித்துக்கொள்கிறது. ஒலிப்பதிவுச் செயலிகள் பெரும்பாலும் முன்னதைக் கேட்கும். அழைப்புச் செயலிகள் பின்னதைக் கேட்கும். அழைப்புச் செயலியில் மைக்கைப் பெயர் சொல்லித் தேர்வு செய்யாமல் 'சிஸ்டத்தில் உள்ளதே' என்று விட்டுவைத்தால், இந்த இரண்டாவது குறிப்பே அமலுக்கு வரும்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் சவுண்ட், அந்தப் பக்கத்தின் அடிப்பகுதியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று போனால் பழைய பாணிச் சாளரம் ஒன்று திறக்கும். அதன் 'ரெக்கார்டிங்' பிரிவில், ஹெட்செட் மைக்கின் மேல் பச்சை வட்டத்தில் சரிக்குறி இருந்தது. மடிக்கணினி மைக்கின் மேல் பச்சை வட்டத்தில் தொலைபேசிப் படம் இருந்தது. இரண்டும் வேறு வேறு கருவிகளின் மேல் இருந்ததுதான் கோளாறு. அக்கா 100 வரை ஏற்றியதும், பூஸ்ட் கொடுத்ததும் சரிக்குறி இருந்த ஹெட்செட் மைக்குக்கு; மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததோ தொலைபேசிப் படம் இருந்த மைக்கை.

இனி தாங்கிக்கு வருகிறேன். ஹெட்செட் மைக் உதட்டிலிருந்து ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தது. தாங்கியின் மேல் இருந்த மடிக்கணினியின் மைக், அளந்து பார்க்கச் சொன்னபோது, 64 சென்டிமீட்டருக்கு ஓரிரு விரற்கடை கூடுதலாக இருந்தது. தடையற்ற வெளியில், தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. 4 என்பது 8, 16, 32, 64 என்று நான்கு முறை இரட்டிப்பதால் 24 டெசிபல் இழப்பு. அலைவீச்சில், அதாவது ஒலி அலையின் உயரத்தில் சொன்னால், மைக்கை அடைவது ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு. அறைக்குள் கணக்கு இவ்வளவு கறாராக நிற்காது, ஏனென்றால் சுவரில் பட்டு வரும் ஒலி அந்த இழப்பில் ஒரு பகுதியை நிரப்பிவிடும். நிரப்புவது எதிரொலி என்பதால், அளவு சற்றுக் கூடினாலும் தெளிவு கூடுவதில்லை.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவுச் செயலியில் ஒன்று முதல் பத்து வரை ஒரே குரலில் எண்ணச் சொல்லி இரண்டு மைக்குகளையும் அளந்தோம். இந்த அளவையில் 0 என்பது கணினி ஏற்கக்கூடிய உச்சம்; மற்ற எல்லாம் அதற்குக் கீழே கழித்தல் குறியோடு வரும். மடிக்கணினி மைக்கில் குரலின் உச்சம் −33 டெசிபல் அளவில் நின்றது. ஹெட்செட் மைக்கில், பூஸ்டை நீக்கி ஸ்லைடரை 80இல் வைத்து எண்ணியபோது, −13. இருபது டெசிபல் வேறுபாடு என்பது அலைவீச்சில் பத்து மடங்கு.

தொலைபேசிப் படத்தை ஹெட்செட்டுக்கு மாற்றினோம். பட்டியலில் அந்தக் கருவியின் மேல் வலது கிளிக் செய்தால் அதற்கான வரி வரும். கூடவே, அழைப்புச் செயலியின் ஒலி அமைப்பிலும் ஹெட்செட் மைக்கைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தோம். மாணவர்கள் அன்றைக்கே "இப்போ நல்லாக் கேட்குது" என்றார்கள். கோப்பை மூடிவிட்டேன்.

கோப்பை மீண்டும் திறந்தது

இரண்டு நாள் கழித்து அக்கா அழைத்தார். "முதல் பத்து நிமிஷம் மணி மாதிரி இருக்காம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அமுங்கிப் போயிடுதாம்."

இது வேறு நோய். தவறான மைக் என்றால் தொடக்கத்திலிருந்தே மெலிந்திருக்கும். நேரம் போகப் போக இறங்குகிறது என்றால் யாரோ இறக்குகிறார்கள் என்று பொருள். பழைய ஒலிச் சாளரத்தில் ஹெட்செட் மைக்கின் 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'லெவல்ஸ்' பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையைப் பகிர்ந்தபடி அக்காவை வழக்கம்போல் வகுப்பு எடுக்கச் சொன்னேன். இந்த ஆய்வில் நான் பார்த்தவற்றுள் மறக்க முடியாத காட்சி இதுதான்: யாரும் தொடாமலே ஸ்லைடர் தானாக நகர்ந்தது. அவர் ஒரு முறை உரக்கச் சிரித்தபோது 100இலிருந்து 80களுக்கு வந்தது. ஒரு தும்மலுக்கு இன்னும் கீழே போனது. கால் மணி நேரத்தில் 30ஐ ஒட்டி நின்றுவிட்டது. அழைப்பைத் துண்டித்த பிறகும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அடுத்த அழைப்பு அந்தத் தாழ்ந்த நிலையிலிருந்தே தொடங்கும்.

நகர்த்தியது அழைப்புச் செயலியின் தானியங்கி ஒலிச் சீரமைப்பு. பேசுபவரின் குரல் மிகையாகிச் சிதையாமலும் மிகவும் தாழாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதற்காக அது, தனக்குள் பெருக்கிக் குறைப்பதோடு நில்லாமல், விண்டோஸின் மைக் ஸ்லைடரையே பிடித்து இழுக்கிறது. ஒலி உச்சத்தைத் தொட்டதும் சட்டென்று இறக்கும். மேலே ஏற்றுவதை மட்டும் தயங்கித் தயங்கிச் செய்யும். திடீர் இரைச்சல் காதைத் தாக்கக் கூடாது என்ற நோக்கில் அப்படி அமைத்திருப்பது நியாயம்தான். ஆனால் அடிக்கடி உச்சத்தைத் தொடும் ஒலி ஒன்று இருந்துகொண்டே இருந்தால், இறக்கம் மட்டுமே நடக்கும், ஏற்றத்துக்கு வாய்ப்பே வராது.

அப்படி அடிக்கடி உச்சத்தைத் தொட்டது எது? இரண்டு. ஒன்று, அக்கா தன் பழைய முயற்சியில் வைத்துவிட்டு மறந்திருந்த +20 டெசிபல் பூஸ்ட். அளப்பதற்காக அதை நான் நீக்கியிருந்தேன். அளந்து முடித்ததும் 'முன்பு இருந்தபடியே' வைக்கச் சொன்னதும் நான்தான். பூஸ்டும் 100இல் நின்ற ஸ்லைடரும் அப்படியே திரும்பி வந்தன. தவறான மைக் பயன்பட்ட காலத்தில் அவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சரியான மைக் பயன்பாட்டுக்கு வந்ததும் சாதாரணப் பேச்சே உச்சத்தை முட்டத் தொடங்கிவிட்டது. மற்றொன்று, மைக் நின்ற இடம். அது உதட்டுக்கு நேர் எதிரே இருந்தது. 'பத்து', 'பெருக்கல்', 'பின்னம்' என்று இதழ் விரியும் ஒவ்வொரு சொல்லிலும் வாயிலிருந்து வெளிப்படும் காற்று மைக்கின் மேல் நேராக மோதி, குரலைவிடப் பெரிய அதிர்வாகப் பதிந்தது. கணக்கு ஆசிரியருக்கு இந்தச் சொற்கள் இல்லாமல் ஒரு நிமிடம் போகாது.

செய்த திருத்தம் இது: பூஸ்டை 0 ஆக்கினோம். மைக்கை வாயின் மூலைக்கு, கன்னத்தை ஒட்டி இரண்டு விரற்கடை தள்ளி நகர்த்தினோம். செயலியின் தானியங்கிச் சீரமைப்பை அணைத்தோம். ஜூமில் ஆடியோ அமைப்பின் மைக்ரோஃபோன் பகுதியில் இதற்கான தேர்வுப்பெட்டி இருக்கிறது. டீம்ஸிலும் கருவிகள் பகுதியில் ஒரு பொத்தான் உண்டு. அணைத்த பிறகு அளவைக் கையால் வைக்க வேண்டியது நம் பொறுப்பு. இயல்பாகப் பேசும்போது உச்சம் −12ஐ ஒட்டியும், உரக்கச் சிரித்தாலும் 0ஐத் தொடாமலும் இருக்கும்படி ஏற்றி இறக்கிப் பார்த்ததில் ஸ்லைடர் 72இல் நிலைத்தது.

'அப்ளிகேஷன்கள் இந்தக் கருவியைத் தனியுரிமையாக எடுத்துக்கொள்ள அனுமதி' என்ற தேர்வை நீக்கினால் ஸ்லைடர் நகர்வது நிற்கும் என்று பலர் சொல்வதுண்டு. முயன்று பார்த்தோம், நிற்கவில்லை. அந்தத் தேர்வு, ஒரு செயலி ஒலிக்கருவியைப் பிறருக்கு விடாமல் தானே வைத்துக்கொள்ளலாமா என்பதைப் பற்றியது. ஸ்லைடரை யார் தொடலாம் என்பதைப் பற்றியதன்று.

வாக்கியத்தின் வால்

அளவு சீரான பிறகும் ஒரு சிறு குறை மிஞ்சியது. சில வாக்கியங்களின் கடைசிச் சொல் மட்டும் விழுங்கப்பட்டது. ஆங்கிலம் பேசுபவரைவிடத் தமிழ் பேசுபவரை இது அதிகம் பாதிக்கும் என்பது என் எண்ணம், ஏனென்றால் நம் வாக்கியத்தின் உயிர் வினைமுற்றில் இருக்கிறது. அது கடைசியில் வருகிறது. அங்கேதான் குரலும் தாழ்கிறது. "இந்த எண் வகுபடாது" என்பதில் கடைசிச் சொல் போய்விட்டால் மாணவர் எதை எழுதிக்கொள்வார்?

இதற்குக் காரணம் இரைச்சல் நீக்கம். பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டும் அந்த வசதி, தாழ்ந்து முடியும் குரலையும் மின்விசிறியின் ஓசை என்று எண்ணி வெட்டிவிடுகிறது. இங்கே அது இரண்டு இடத்தில் நடந்துகொண்டிருந்தது: விண்டோஸில் அந்த மைக்குக்கான 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' ஒன்று, செயலிக்குள் ஒன்று. முன்னதை அணைத்து, பின்னதைத் தாழ்ந்த அளவில் வைத்ததும் வினைமுற்றுகள் திரும்பி வந்தன. விசிறியின் ஓசை இலேசாகக் கேட்டது. அது யாருக்கும் இடையூறாக இல்லை.

விலக்கிய காரணங்கள்

வேறு கணினிகளில் இதே புகாருக்கு வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதால், எவற்றை ஏன் விலக்கினேன் என்பதையும் பதிந்து வைக்கிறேன். முனையில் நான்கு உலோகப் பட்டைகள் கொண்ட ஹெட்செட் பிளக்கில் மைக்கும் தரைக்கம்பியும் இடம் மாறி அமைந்த இரண்டு முறைகள் உண்டு. ஹெட்செட் ஒரு முறையும் கணினி மற்றொரு முறையுமாக இருந்தால் குரல் எழாது அல்லது நலிந்து எழும். அதே ஹெட்செட் கைபேசியிலும், இதே கணினியின் பதிவிலும் ஒழுங்காக வேலை செய்ததால் அது இங்கே இல்லை. மேசைக் கணினிகளில் மைக்குக்கெனத் தனியே இளஞ்சிவப்புத் துளை இருக்கும். அதில் நான்கு பட்டைப் பிளக்கை நேரடியாகச் செருகுவது வீண், ஒலியையும் மைக்கையும் பிரிக்கும் இரட்டைக் கம்பி தேவை. புளூடூத் ஹெட்செட்டில் மைக் இயங்கத் தொடங்கியதும் இணைப்பு பேச்சுக்கான முறைக்கு மாறுகிறது. பழைய முறையில் நொடிக்கு 8,000, சற்றுப் புதியதில் 16,000 மாதிரிகளே (ஒலி அலையை அளந்தெடுத்த புள்ளிகளே) அனுப்பப்படுவதால் குரல் மெலிந்து, பழைய தொலைபேசி போல் ஒலிக்கும். அளவு குறைந்ததாகத் தோன்றினாலும் உண்மையில் குறைவது தெளிவு.

விந்தையான காரணம் ஒன்றும் இருக்கிறது. சில மடிக்கணினிகளின் இரட்டை மைக்கில் ஒன்றின் அலை மற்றதற்கு நேர் தலைகீழாக வருவதுண்டு. இரண்டு தடங்களாகப் பதிந்தால் குரல் நன்றாக இருக்கும். அழைப்புச் செயலி இரண்டையும் கூட்டி ஒன்றாக்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துக் குரல் ஏறக்குறைய மறைந்துவிடும். விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் ஒலி டிரைவர்களில் இத்தகைய கணினிகளுக்கென்றே தனித் திருத்தங்கள் இருக்கின்றன. 'பதிவில் நலம், அழைப்பில் குறைவு' என்ற எங்கள் அறிகுறி இதற்கும் பொருந்தும். சுரண்டல் சோதனை மட்டும் வேறு விடை தந்திராவிட்டால், நான் இதைத்தான் துரத்திக்கொண்டிருப்பேன்.

ஒலிச் சாளரத்தின் 'கம்யூனிகேஷன்ஸ்' பிரிவில் 'மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை' என்றிருப்பதைப் பார்த்துப் பலர் மயங்குவார்கள். அது அழைப்பின்போது பாட்டு, காணொளி ஆகியவற்றைத் தாழ்த்துவது. மைக்கோடு அதற்குத் தொடர்பில்லை.

தற்போதைய நிலை

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது ஸ்லைடர் 72இலேயே இருந்தது. உச்சம் −12க்கும் −14க்கும் இடையே வந்தது. ஹெட்செட்டை இடையில் ஒரு முறை பிடுங்கிச் செருகியபோது தொலைபேசிப் படம் மீண்டும் மடிக்கணினி மைக்குக்குத் தாவியிருந்தது, ஆனால் செயலியில் மைக்கைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்திருந்ததால் வகுப்பு பாதிக்கப்படவில்லை. உலாவி வழியாக நடக்கும் கூட்டங்களில் மட்டும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. அங்கே தானியங்கிச் சீரமைப்பை இணையப்பக்கமே உலாவியிடம் கேட்டுப் பெறுகிறது, அதை அணைக்கும் பொத்தானைக் காட்டுவதும் காட்டாததும் அந்தத் தளத்தின் விருப்பம். அக்கா சேர வேண்டிய மாதாந்தரக் கூட்டம் ஒன்று அத்தகைய தளத்தில்தான் நடக்கிறது. அது முடிந்ததும் லெவல்ஸ் பிரிவைத் திறந்து, ஸ்லைடரை மீண்டும் 72இல் வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகிறார்.